குழாயைக் கட்டிப்பிடித்த மாப்பிள்ளை

வருங்கால மாமனாரைப் பார்க்கப் போகிறவன் இரவல் பேண்ட் போட்டுக்கொண்டு போகக் கூடாது. போனாலும் அங்கே பெல்ட்டைக் கழற்றக் கூடாது. நான் ஒரே காலையில் இரண்டையும் செய்தவன்.

ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு, பரோட்டாக் கடை, லாரி கிளீனர், பெயிண்டிங் என்று ஊர் ஊராகச் சுற்றி, இரண்டாயிரத்துச் சொச்சத்தில் தாம்பரத்தில் ஒதுங்கினேன். சேகர் சாரிடம் உதவியாள் வேலை கிடைத்தது. தொழிற்சாலையில் பம்ப் ஓடினால் கூடவே குழாய்களும் ஆடும். ஆடி ஆடி ஒருநாள் விரிசல் விடும். அந்த நாள் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று அளந்து, கணக்குப் போட்டுச் சொல்வது சாரின் தொழில். குழாயில் சென்சாரை ஒட்டுவது என் தொழில். (வெளியே கேட்டால், குழாய்க்கு ஜாதகம் பார்க்கிறோம் என்பேன்.)

அந்தச் சமயம் கோவிலம்பாக்கத்தில் ஒரு சம்பந்தம் வந்தது. மலரை எனக்குப் பிடித்துவிட்டது. அவளுக்கும் என்னைப் பிடித்திருந்தது. (காரணம் இன்றுவரை தெரியவில்லை.) அவள் அப்பா தனபால்தான் இழுத்தடித்தார். ஒரு கெமிக்கல் கம்பெனியில் பம்ப் ஹவுஸ் சூப்பர்வைசர்.

"தம்பி ஒரு எடத்துல நிலையா நின்னதே இல்லியாமே? எங்க பைப்பு ஆடுதுன்னு உங்க சாரத்தான் கூப்ட்டுகிறோம். நீயும் வா. வேலையப் பாத்துட்டு சொல்றேன்."

அதற்காகத்தான் அறை நண்பனின் பேண்ட். அவன் இடுப்பில் என்னைப் போல இருவர் தாராளமாகக் குடியிருக்கலாம். பெல்ட்தான் மானம் காத்தது.

பம்ப் ஹவுஸில், பெரிய குழாயிலிருந்து பிரிந்த ஒரு சின்னக் குழாய் குளிர்ஜுரம் கண்டதுபோல் நடுங்கிக்கொண்டிருந்தது. காந்தம் வைத்த சென்சாரை அதில் வைத்தேன். நழுவியது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்! காந்தம் ஒட்டாது. அதற்கான பசையோ அறையில் பத்திரமாக இருந்தது. பின்னால் தனபால் கைகட்டி நிற்கிறார். மறந்துவிட்டேன் என்றால் கல்யாணம் காலி. பெல்ட்டை உருவி, சென்சாரைக் குழாயோடு சேர்த்து இறுக்கிக் கட்டினேன்.

கேபிளையும் கருவியையும் கையில் எடுத்ததும் பேண்ட் கீழ்நோக்கிப் புறப்பட்டது. ஒரு கையில் கேபிள் சுருள், மறு கையில் சாரின் விலை உயர்ந்த கருவி. வேறு வழியின்றி வயிற்றைக் குழாயில் அழுத்தி, நடுவே பேண்ட்டைச் சிறைப்பிடித்தேன்.

முதுகைக் காட்டி லேப்டாப் முன் உட்கார்ந்திருந்த சார் உற்சாகமானார். "சூப்பர் சார்! இந்த பைப் நம்ம பேரப்பசங்க காலத்துக்கும் தாங்கும்!"

"இன்னா சார் சொல்றீங்கோ? காலைலகூட தையல் மிஷின் மாதிரி ஆடிக்கினு இருந்துச்சே!" என்றார் தனபால்.

சார் திரும்பினார். "டேய், அத ஏன்டா கட்டிப்புடிச்சிக்கிட்டு நிக்கிற?"

"இப்படியே நல்லாருக்கு சார்."

"நீ புடிச்சா அது எப்படிடா ஆடும்? ரீடிங்கே தப்பு. தள்ளி நில்லு!"

தள்ளி நிற்காவிட்டால் மானம் பிழைக்கும். ஆனால் குழாயின் நிஜ ஆட்டம் தெரியாமலே போய்விடும். அது என்றைக்காவது முறிந்து, உள்ளே ஓடுகிற சரக்கு மலரின் அப்பா மேலேயே பீய்ச்சி அடிக்கும். கண்ணை மூடிக்கொண்டு தள்ளி நின்றேன்.

குழாய் ஆடியது. பேண்ட் விழுந்தது.

"ஐயோ, இது அடுத்த மழைக்காலத்தையே பாக்காது சார்!" என்று சார் திரையைப் பார்த்து அலறினார்.

தனபால் திரையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். பம்ப் சத்தத்தையும் மீறிச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, அதுவரை தம்பி என்றே கூப்பிட்டவர் சொன்னார்:

"மாப்ள, மொதல்ல பேண்ட்ட எடு."

என் வயிறு அழுத்திய அதே இடத்தில் ஒரு தாங்கி வைத்தார்கள். குழாய் அடங்கியது. அங்கே அதற்குப் பெயரே 'மாப்ள சப்போர்ட்'. நானும் கோவிலம்பாக்கத்திலேயே நிலைத்துவிட்டேன். தீபாவளிக்கு மாமனார் வேட்டி எடுத்துக் கொடுத்தாலும் கூடவே ஒரு பெல்ட் வைக்கத் தவறுவதில்லை.

வாஷிங் மெஷின் துணி பிழியும்போது குதித்தால், மலர் சமையலறையிலிருந்து கூவுவாள்: "ஏங்க, சீக்கிரம் வந்து கட்டிப்புடிங்க!"

மாடி வீட்டுக்காரர்களுக்கு இந்தக் கதை தெரியாது. படியில் என்னைப் பார்த்தால் தலையைக் குனிந்துகொள்கிறார்கள்.