காருக்குள் ஒரு அதிகப்பிரசங்கி

மதிப்பிற்குரிய மாப்பிள்ளைக்கு மாமனார் எழுதுவது. இங்கே நான் நலம், உங்கள் மாமியாரும் நலம். நீங்கள் அன்போடு கொடுத்த காரின் இடது கன்னத்துக்குத்தான் கொஞ்சம் சுகமில்லை.

வண்டி சறுக்கினால் தானே பிரேக் பிடித்து நேராக்கிவிடும் கருவி ஒன்று உள்ளே இருப்பதாகச் சொன்னீர்களே, அதை உடனே பிடுங்கி எறிய ஏற்பாடு செய்யுங்கள். ஆயுள் முழுக்க மின்சார அலுவலகத்தில் குப்பை கொட்டியவன் நான். விளக்கு எரிந்தால் மெஷின் ஓடுகிறது, அணைந்தால் நின்றுவிட்டது என்பது எனக்குத் தெரியாதா? தனியாகப் போகும்போது அந்தக் கருவியின் பொத்தானைத் தொடுவதே இல்லை. விளக்கும் எரியாது. கொட்டுகிற மழையிலும் என் கைத்திறமையை மட்டும் நம்பி வளைவில் ஒடித்துத் திருப்புவேன், வண்டி இம்மியும் விலகாது. திருப்புகிற அந்த நொடியில் மட்டும் விளக்கு 'என்னையும் சேத்துக்கோங்க' என்று கண் சிமிட்டிக் கெஞ்சும். நான் கண்டுகொள்வதில்லை.

உங்கள் மாமியார் ஏறினால்தான் வம்பு. அவள் உயிர் முக்கியமல்லவா, பொத்தானை அழுத்தி விளக்கை எரியவிட்டுத்தான் கிளம்புவேன். நேற்றும் அப்படித்தான், தூறலில் ரவுண்டானாவில் திரும்பினேன், வண்டி பம்பரமாகச் சுற்றித் தையல்கடை வாசலில் இடித்து நின்றது, கோட்டு போட்ட பொம்மை பானெட் மேல் குப்புற விழுந்தது, தையல்காரர் ஓடிவந்து பொம்மைக்கு அடிபட்டதா என்று தடவிப் பார்த்தாரே தவிர எங்களை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. "பாத்தியா, எல்லாம் இந்த மெஷின் பண்ற வேலை!" என்றேன். இறுக மூடிய கண்ணைத் திறக்காமலே, "மெஷினோ நீங்களோ, பேத்தியப் பாக்க நான் பஸ்ல போய்க்கறேன். நீங்க உங்க காரைக் கட்டிக்கிட்டு அழுங்க" என்றாள். மாப்பிள்ளை, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அவள் இல்லாத முன்சீட்டைப் பார்க்கவே சகிக்கவில்லை. திட்ட ஆளில்லாமல் எனக்கு கியரே விழமாட்டேன் என்கிறது.

பேத்திக்கு முத்தம், மகளுக்கு ஆசி, கருவிக்கு என் சாபம்.

இப்படிக்கு,
கருவியால் கெட்ட பெயர் வாங்கிய மாமனார்

பி.கு.: மெஷினின் வண்டவாளத்தைக் காட்டலாமென்று நிற்கிற காரில் அவளை உட்காரவைத்து விளக்கை எரியவிட்டேன். வண்டி ஓடாததால் முதல்முறையாகக் கண்ணைத் திறந்து பார்த்தாள். "ஏங்க, விளக்குக்குக் கீழ பொடி எழுத்துல 'ஆஃப்'னு போட்டிருக்கே! அப்போ என்னை ஏத்தினப்ப எல்லாம் அதை நிறுத்திட்டா ஓட்டினீங்க?" என்றாள். ஆகவே மேலே உள்ளதைத் தலைகீழாகப் படித்துக்கொள்ளவும். கருவி இருக்கட்டும், பொத்தானைப் பிடுங்கினால் போதும். ஞாயிற்றுக்கிழமை இருவரும் காரிலேயே வருகிறோம். பொத்தானைக் கையால் பொத்திக்கொண்டு, கண்ணைத் திறந்துவைத்துக்கொண்டே வருவாளாம்.