தலைமாட்டில் மூடி, கால்மாட்டில் போல்ட்

கழற்றத் தெரிந்தால் மாட்டவும் தெரியும் என்று நம்புகிற ஆண்களில் நானும் ஒருவன். ஓசூரில் இந்த வியாதி கொஞ்சம் அதிகம். என் விஷயத்தில் இன்னும் மோசம். மூக்கண்டப்பள்ளிப் பக்கம் ஒரு கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் இருக்கிறேன். ஸ்பானர் பிடித்துப் பழக்கமே கிடையாது. அடுத்தவர் மாட்டியதில் குற்றம் கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம்.

மனைவி யசோதா வேறொரு கம்பெனியில் லைன் லீடர். பேரிகைக்காரி. அம்மா வீட்டில் கன்னடம், என்னிடம் தமிழ், கோபமோ குஷியோ வந்தால் இரண்டும். அவளிடம் ஒரு மவுண்டன் பைக் உண்டு. அவள் கம்பெனி சைக்கிள் குழு ஒரு ஞாயிற்றுக்கிழமை சூளகிரிப் பக்கம் கரட்டுப் பாதையில் போவதாக ஏற்பாடு. ஷிஃப்ட் சூப்பர்வைசர் அவளிடம், "மேடம், எறக்கமெல்லாம் கல்லாக் கெடக்கு. நீங்க டீ கேனோட டெம்போல வந்துருங்க" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அவளுக்கு அந்த டீ கேனைத் தவிர வேறு நினைப்பே இல்லை. எப்படியும் சைக்கிளில் இறங்கியே தீருவது என்று இருந்தாள்.

அந்த நேரம் பார்த்து முன்சக்கரத்தைத் தாங்கும் சஸ்பென்ஷன் ஃபோர்க் எண்ணெய் கக்க ஆரம்பித்தது. பள்ளத்தில் இறங்கினால் டொம்மென்று அடித்தது. கடையில் ஒரு வாரம் ஆகும் என்றார்கள்.

"எதுக்குக் கடை? நான் இருக்கேன்ல" என்றேன். (இந்த வாக்கியத்துக்குப் பிறகு எங்கள் வீட்டில் நல்லது எதுவும் நடந்ததில்லை.)

சனிக்கிழமை காலை ஹாலில் நியூஸ்பேப்பர் விரித்தேன். அடி போல்ட்டைத் தளர்த்தி, துணி சுற்றிய சப்பாத்திக் கட்டையால் தட்டியதும் ஃபோர்க்கின் கீழ்க்கால்கள் கழன்று வந்தன. கூடவே கறுப்பு எண்ணெயும். மூடி, ஸ்பிரிங், ரப்பர், வாஷர், ஸ்பாஞ்சு வளையம் என்று வெளிவந்த வரிசையிலேயே பேப்பரில் அடுக்கினேன். போட்டோ எடுக்கவில்லை. கம்பெனியில் "கழட்டுறதுக்கு முன்னாடி போட்டோ எடுங்கப்பா" என்று எல்லோருக்கும் உபதேசம் செய்கிறவன் நான்தான். மதியம் களியும் கறிக்குழம்பும் உள்ளே போனதும், பாகங்களுக்குக் காவல் இருக்கிற நினைப்பில் பக்கத்திலேயே படுத்துத் தூங்கிவிட்டேன்.

விழித்தபோது தரை பளபளத்தது. பேப்பரைக் காணோம்.

"ரீ, இங்க நோடி, பாருங்க!" என்று யசோதா அஞ்சறைப் பெட்டியை நீட்டினாள். கடுகுக் கிண்ணத்தில் சின்ன வாஷர்கள், மிளகுக் கிண்ணத்தில் பெரிய வாஷர்கள், நடுவில் ரப்பர்கள். எல்லாம் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்திருந்தாள். ஃபைவ் எஸ் நடந்திருக்கிறது! (பொருட்களை இனம் பிரித்து, துடைத்து, அதனதன் இடத்தில் வைக்கும் கம்பெனி முறை அது. அதில் பரிசு வாங்கியவள் என் மனைவி. எங்கள் வீட்டில் கத்தரிக்கோலுக்குக்கூட அதன் உருவம் வரைந்த இடம் இருக்கிறது.)

"ஐயோ, வரிசையா வெச்சிருந்தேனே!"

"வரிசையா? எல்லாம் கலந்து கெடந்துச்சு. நான்தான் சைஸ் பார்த்துப் பிரிச்சேன்."

வீறாப்பாக, ஞாபகத்திலிருந்தே எல்லாவற்றையும் மாட்டி, புது எண்ணெய் ஊற்றி, ஹேண்டில்பாரை அமுக்கினேன். ஃபோர்க் பணிவாகக் குனிந்தது. நிமிரவேயில்லை. யசோதா டெம்போவில் இடம் சொல்ல போனை எடுத்தாள். கண் கலங்கியிருந்தது. அப்போதுதான் எனக்கு நிஜமாகவே வெட்கமாக இருந்தது.

அந்த போனில் ஏற்கெனவே அவள் வீட்டு வாட்ஸப் குரூப் களைகட்டியிருந்தது. ஃபைவ் எஸ்ஸில் சுத்தம் செய்வதற்கு முன் ஒரு படம், பின் ஒரு படம் கட்டாயம். பழக்கதோஷத்தில் 'முன்' படத்தை எடுத்து குரூப்பில் போட்டிருக்கிறாள். அதில் லுங்கியும் பனியனுமாக, வாயைப் பிளந்துகொண்டு நான். கீழே அவள் தம்பி, "அக்கா, பாவாவையும் கழட்டிப் போட்டுட்டியா?" என்று கேட்டிருந்தான். (அக்கா கணவர் அவர்கள் வீட்டில் பாவா.)

ஆத்திரத்தோடு படத்தைப் பெரிதாக்கினேன். என் தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை அத்தனை பாகங்களும் வரிசையாக இருந்தன!

ஆனால் சின்னதெல்லாம் புள்ளி புள்ளியாகத்தான் தெரிந்தது. யசோதா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். லைன் லீடர் குரல் வந்துவிட்டது.

"ஃபோர்க்கை மறுபடி பிரிங்க. பிரிச்சுட்டு, அங்கேயே போய்ப் படுங்க."

படுத்தேன். படத்தைப் பார்த்து அவள் ஒவ்வொன்றாக என் பக்கத்தில் வைத்தாள். "தலைக்கு மேல மூடி. முழங்கைகிட்ட ரப்பர். தொப்பைக்கு நேரா ஸ்பாஞ்சு. ஆடாதீங்க! உங்க மூக்குக்கு நேரா கறுப்பா ஒரு கிண்ணம் இருக்கே..." என்றவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"எங்கே அது?"

"தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்கு மூடி இல்லாம இருந்துச்சு. கரெக்டா செட் ஆச்சு."

பெரிய ஸ்பிரிங் உட்கார வேண்டிய கிண்ணம் அது! அது இல்லாமல்தான் ஸ்பிரிங் சாய்ந்து சிக்கிக்கொண்டிருந்தது. எழுந்து, அவள் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாக மாட்டினேன். அமுக்கினாள். இறங்கியது. விட்டாள். ஏறியது! நாங்கள் போட்ட கூச்சலில் கீழ் வீட்டுக்காரர் என்ன ஏதென்று ஓடி வந்தார்.

மறுநாள் டெம்போவில் டீ கேனோடு போனது நான்தான். இறக்கத்தின் அடியில் காத்திருந்தேன். மேலே முதலில் புழுதி தெரிந்தது, அப்புறம் யசோதா. கல்லுக்குக் கல் ஃபோர்க் அமுங்கி எழ, சிரித்துக்கொண்டே இறங்கி வந்தாள். லேசாகத் தேங்காய் எண்ணெய் வாசம் அடித்தது. வெகுநேரம் கழித்துச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்து வந்த சூப்பர்வைசரிடம், "வாங்க சார், டீ குடிங்க" என்று அவளே கேனைத் திறந்து ஊற்றிக் கொடுத்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

போன மாதம் பேரிகையில் மாமனார் தோட்டத்து மோட்டார் மக்கர் செய்தது. மெக்கானிக் வந்து ஸ்பானரை எடுத்ததும் மாமியார், "கொஞ்சம் இருப்பா" என்று அவரை நிறுத்திவிட்டு, மோட்டார் பக்கத்தில் ஒரு பாயை விரித்தார். தலையணையும் போட்டார்.

"மாப்பிள்ளே, மொதல்ல நீங்க வந்து படுங்க. அப்புறம் பிரிக்கட்டும்."

மெக்கானிக் என்னைப் பார்த்தார். யசோதா போனைத் தூக்கிப் பிடித்துத் தயாராக நின்றாள். நான் போய்ப் படுத்துக்கொண்டேன்.