முழுங்கத் தெரியாத புளிச் அண்ணாச்சி

புளிச் அண்ணாச்சி ஆயுளில் எதையும் குடித்ததில்லை. வாயில் ஊற்றிக்கொள்வதோடு சரி.

எழுபதுகளில், மாட்டுப்பட்டிக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் நான் குமாஸ்தா. ஃபாக்டரி டீயை ருசி பார்ப்பது அண்ணாச்சியின் வேலை. ஒரு மடக்கு 'ஸ்ஸுர்ர்ர்' என்று உறிஞ்சுவார். கன்னத்துக்குக் கன்னம் உருட்டுவார். பித்தளைப் படிக்கத்தில் 'புளிச்' என்று துப்புவார். நாள் முழுக்க இதே. தொண்டைக்கு வழி மறந்துபோயிற்று. கல்யாண வீட்டுப் பாயசம், புளிச். இருமல் மருந்தையும் துப்பிவிட்டு, தேயிலைக்குச் சொல்வதுபோலவே, "இன்னும் கொஞ்சம் புளிக்க விட்டிருக்கணும் டாக்டர்" என்றார். தாகத்துக்கு ஆரஞ்சு தின்பார் என்று ஒரு வதந்தி.

எனக்குப் பெண் தர சித்தூர்த் தென்னந்தோப்புக்காரர் ஒருவர் முன்வந்தார். பாவம், என்னை நேரில் பார்த்ததில்லை. "உங்க எஸ்டேட் அருவியப் பாத்த மாதிரியும் ஆச்சு, மாப்பிள்ளயப் பாத்த மாதிரியும் ஆச்சுங்" என்று மகள் சரசுவோடு ஜீப்பில் வந்திறங்கினார். என் பக்கம் பெரியவர் என்று சொல்லிக்கொள்ள அண்ணாச்சியை விட்டால் ஆளில்லை. படிக்கத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவரும் எங்களோடு அருவிக்குக் கிளம்பினார்.

சோலைக்காட்டுக்குள் ஒற்றையடிப் பாதை. கம்பீரமாக முன்னால் நடந்த என்னை அட்டைகள் பந்தி வைத்துத் தின்றன. அருவி வந்ததும் அண்ணாச்சி ஒரு கை அள்ளினார். புளிச். "தண்ணி தேறும்" என்று அருவியைப் பாஸ் பண்ணினார்.

சரசு மூன்று கல் கூட்டி, ஈர விறகோடு மல்லுக்கட்டி டீ போட்டாள். அண்ணாச்சி வாங்கினார். ஸ்ஸுர்ர்ர். உருட்டினார். புளிச்!

தோப்புக்காரர் துள்ளி எழுந்தார். "ஏனுங்க! எம்பட புள்ள போட்ட டீயத் துப்பிப்போட்டீங்களே!"

"நல்ல டீயத்தான் மொதலாளி துப்புவேன். மட்டம்னா வாயிலயே வைக்க மாட்டேன்லா."

"இதென்னுங்க கூத்து? சரசு, கெளம்பு!"

டீ பிரமாதம் என்று காட்ட, என் டம்ளரை ஒரே மூச்சில் கவிழ்த்தேன். கொதிக்கும் டீ. நாக்கு வெந்து கண்ணில் நீர் கொட்டியது. "மாப்பிள்ளயும் அழுவுறாரு பாரு!" என்றார் அவர். என் கல்யாணம் ஜீப்பில் ஏறப் போயிற்று.

சரசுதான் இன்னொரு டம்ளரோடு அண்ணாச்சி முன் வந்து நின்றாள். "ஏனுங் மாமா, இத முழுங்குங்க. முழுங்குனா இந்தக் கல்யாணம். துப்புனா நான் சித்தூர் போறேன்."

அண்ணாச்சி உறிஞ்சினார். உருட்டினார். கன்னம் உப்பியது. கண் தன்னால் படிக்கத்தைத் தேடியது. நான் அதன் மேல் உட்கார்ந்துகொண்டேன். முகம் சிவந்தது, காது ஆடியது. கடைசியில், 'கடக்'.

"ஏலே!" என்று நெஞ்சைத் தடவினார். "இது உள்ள போனா வயிறு வரைக்கும் சுடுதுலே!"

தோப்புக்காரர் சிரித்த சிரிப்பில் கல்யாணம் நிச்சயமாயிற்று.

திரும்பும் வழியில் ரகசியமாகக் கேட்டேன். "உண்மையச் சொல்லுங்க அண்ணாச்சி, டீ எப்படி?"

"வாயில வைக்க முடியாதுலே தம்பி."

அதற்கப்புறம் ஞாயிறு தவறாமல் எங்கள் வீட்டுக்கு வருவார். சரசு போட்ட டீயை இரண்டு டம்ளர் கேட்டு வாங்கி முழுங்குவார். செருப்போடு படிக்கத்தையும் வாசலிலேயே விட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார்.