இருட்டறையில் ஏலக்கிப் பழம்

பெங்களூர் விமான நிலைய வாசலில் 'மைன்ஸ்' ஒருவரை நிறுத்தினால் போதும், ஸ்கேனர் இயந்திரத்தைக் கழற்றி வைத்துவிடலாம். எங்கள் தாவர ஆய்வகத்தின் உதவியாளர் அவர். அப்பா கோலார் தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர்; பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது.

நாற்று முளைக்கும் இருட்டறைக்குள் போகிறவர்கள் பையை எல்லாம் துழாவுவார். ஆராய்ச்சி மாணவனான எனக்கு மானம் போயிற்று.

"பேக் ஓப்பன் பண்ணுங்க சார்."

"நான் என்ன தங்கமா கடத்துறேன்?"

"எங்கப்பா டெய்லி சட்டையக் கழட்டிக் காட்டிட்டுதான் சார் வெளிய வருவாரு. உங்களுக்கு ஜிப்பைத் தொறக்க வலிக்குதா?"

என் ஆய்வு வழிகாட்டி மேடத்திடம் புகார் சொல்லி எனக்கு மட்டும் விலக்கு வாங்கினேன்.

என் ஆய்வு எத்திலீன் பற்றியது. செடிக்குள் இரண்டு நொதிகள் அடுத்தடுத்து வேலை செய்தால்தான் இந்த வாயு ஹார்மோன் உண்டாகும். முதல் நொதியை மருந்தால் முடக்கிவிட்டால் எத்திலீன் இல்லை. இருட்டில் பட்டாணி நாற்று நெட்டையாக வளரும். எத்திலீன் இருந்தால் குட்டையாகத் தடித்து, தலையைச் சுருட்டிக்கொள்ளும். மருந்து வைத்துக் கதவைச் சாத்தினேன்.

நான்கு நாள் கழித்துத் திறந்தால் அத்தனையும் குட்டை! அப்படியானால் யாரும் அறியாத இன்னொரு நொதி ஒளிந்திருக்கிறது! அதற்கு என் பெயரையே வைப்பதென்று முடிவு செய்து, மேடத்தை இழுத்து வந்தேன்.

எனக்கு ஜலதோஷம். மேடத்துக்கு இல்லை. மூக்கைச் சுளித்துக்கொண்டே போய், தட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு கவரை எடுத்தார். மதியம் தின்ன வாங்கி நான் மறந்துபோன ஏலக்கி வாழைப்பழங்கள், கறுத்துக் கனிந்திருந்தன. கனியும் பழம் விடுவதும் அதே எத்திலீன்தான்.

"யாருது இது?"

என் டாக்டர் பட்டமே கண்முன் ஆடியது. குனிந்து நாற்றுகளை எண்ணத் தொடங்கினேன்.

"என்னுது மேடம். வெச்சு மறந்துட்டேன்" என்றார் வாசலில் நின்ற மைன்ஸ். ஒரு பெப்பர்மின்ட்டைக்கூட உள்ளே விடாத மனிதர், ஆய்வகத்தில் எல்லோர் முன்னாலும் கால் மணி நேரம் திட்டு வாங்கினார்.

மேடத்திடம் உண்மையைச் சொல்ல இந்த வீரனுக்கு மூன்று நாள் ஆயிற்று.

"தெரியும்ப்பா. அவருக்கு சுகர், பழமே தொடமாட்டாரு. நீ எப்ப வருவேன்னுதான் பார்த்தேன்" என்றார்.

நேரே இருட்டறை வாசலுக்குப் போய் மைன்ஸ் முன்னால், விலக்கெல்லாம் வேண்டாமென்று பையை விரியத் திறந்து நின்றேன்.

எல்லோர் பையிலும் தலையை விடுகிறவர், என் பையை மட்டும் பார்க்கவேயில்லை. "போங்க சார்" என்று ஜிப்பை அவரே மூடிவிட்டார்.

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, இருட்டில் நன்றாக அழுதேன்.