டெட்லிஃப்டும் செக்கு நல்லெண்ணெயும்

எனக்குக் கோபம் அதிகம் என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கோபத்தில் பாதிக்கு மேல் ஒரே ஒரு வெள்ளிக்கிழமையில் வந்து சேர்ந்தது என்பதை மட்டும் ஒருவரும் சொல்வதில்லை.

கல்லூரியில் படிக்கும்போது தென்காசியில் ஒரு ஜிம்மில் டெட்லிஃப்ட் பழகினேன். தரையில் கிடக்கும் இரும்புத் தண்டைத் தொடை வரைக்கும் தூக்கி நிமிர்ந்து நிற்க வேண்டும், அவ்வளவுதான். (இலத்தூரில் எங்கள் வயலில் மூட்டை தூக்குகிற அண்ணாச்சி இதைக் கேட்டுவிட்டு, "இதுக்குப் போயி துட்டு கட்டுதியாட்டி?" என்றார்.) மாவட்டத் தேர்வில் ஜெயித்தால் மாநிலப் போட்டி. அங்கே ஒரு பரிசு வாங்கிவிட்டால் விளையாட்டு ஒதுக்கீட்டில் போலீஸ் வேலைக்கு வழி உண்டு. எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒரு காக்கிச் சட்டை கொடியில் காயும். எங்கள் வீட்டுக் கொடியில் காயப்போவது என்னுடையதுதான் என்று நான் முடிவே செய்திருந்தேன்.

தேர்வு நாளன்று எடை பார்த்து முடிந்ததும் ஜிம் மாஸ்டர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். கையில் லேபிளைக் கிழித்த ஒரு டப்பா. உள்ளே ரோஸ் நிறத்தில் பவுடர்.

"ஒரு ஸ்கூப்பு தண்ணில கலக்கிக் குடிம்மா. தண்டு தானா மேல வரும். எல்லாரும் இதத்தான் குடிக்காவ."

ஒரு ஸ்கூப்புக்கே தண்டு தானாக வருமென்றால் இரண்டு ஸ்கூப்புக்கு எப்படி வரும் என்று என் மூளை யோசித்தது. (அந்த மூளையை நான் இன்னும் மன்னிக்கவில்லை.) அவர் முதுகைத் திருப்பியதும் இன்னொரு ஸ்கூப் போட்டு ஒரே மடக்காகக் குடித்தேன்.

கொஞ்ச நேரத்தில் காது மடல் குறுகுறுத்தது. பிறகு முகம், கழுத்து, உள்ளங்கை. பனியனுக்குள் யாரோ செவ்வெறும்பை அள்ளிக் கொட்டியது போல இருந்தது. அப்போதே போட்டியைத் தொடங்கியிருந்தால் அந்த வெறியிலேயே தூக்கித் தொலைத்திருப்பேன். ஆனால் சிறப்பு விருந்தினர் இன்னும் வரவில்லை. அவர் வந்து குத்துவிளக்கு ஏற்றாமல் ஒரு இரும்பும் தரையை விட்டுக் கிளம்பக் கூடாதாம். மாஸ்டர் மாலையும் கையுமாக வாசலில் நின்றார். ஓடிப்போய், "மாஸ்டர், உடம்பெல்லாம் எரியுது" என்றேன்.

"செத்த இரும்மா, கார் வருது" என்றார், ரோட்டைப் பார்த்துக்கொண்டே. வந்தது காய்கறி வேன்.

பார்க்க வந்தவர்கள் வரிசையில் அம்மா உட்கார்ந்திருந்தாள். வெள்ளிக்கிழமை, அதிலும் சாரல் காலம். போட்டி முடிந்ததும் குற்றாலத்தில் எண்ணெய்க் குளியல் போட்டுவிட்டுப் போகலாம் என்று நல்லெண்ணெய் பாட்டில், சீயக்காய், மாற்றுத்துணி எல்லாம் பையில் கொண்டு வந்திருந்தாள்.

"ஏட்டி, மூஞ்சி என்ன இப்பிடிச் செவந்து கெடக்கு?"

"பவுடர் குடிச்சேம்மா. எரியுது."

"சூடு தலைக்கேறிட்டு. வா, எண்ணெ தேச்சு அருவில நின்னா எறங்கிரும். அந்த மனுசன் வாரதுக்குள்ள வந்துரலாம்."

எங்கள் பக்கத்தில் உடம்புக்கு எது வந்தாலும் பெயர் சூடு. சூட்டுக்கு மருந்து குற்றாலம். நானும் ஆட்டோவில் ஏறினேன். அம்மா நேரத்தை வீணாக்காமல் ஆட்டோவிலேயே உச்சி முதல் பாதம் வரை தேய்த்துவிட்டாள். "சீட்டுல படாமப் பாத்துக்கிடுங்கக்கா" என்று ஆட்டோக்காரர் கெஞ்சிக்கொண்டே வந்தார்.

அருவிக்குப் போகிற வழியில் ஒரு பெண் போலீஸ், நான் ஆசைப்பட்ட அதே காக்கியில், அம்மாவின் பையைப் பார்த்துவிட்டார். "சீயக்கா, சோப்பு எதுவும் அருவில போடக் கூடாது. இங்கன வச்சிட்டுப் போங்க."

"அப்ப தேச்ச எண்ணெய என்ன செய்ய?"

"அது உங்க பாடு."

அருவி என்னைப் போட்டுச் சாத்தியது. எண்ணெய் அசையவில்லை. ஆனால் எரிச்சல் போய்விட்டது.

திரும்பி வந்தபோது விளக்கு ஏற்றியாகிவிட்டது. என் பெயரைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பிடி நழுவாமல் இருக்கக் கையில் சாக்பவுடர் அள்ளித் தேய்த்தேன். அது எண்ணெயோடு சேர்ந்து கொழுக்கட்டை மாவானது. தண்டைப் பிடித்து இழுத்தேன். தண்டு இருந்த இடத்திலேயே இருக்க, நான் மட்டும் பின்பக்கமாகப் போய்ச் சிறப்பு விருந்தினரின் காலடியில் உட்கார்ந்தேன். அவர் ஆசீர்வாதம் செய்ய வேண்டுமோ என்று கையைத் தூக்கினார்.

நடுவர் வந்து என் முழங்கையைத் தடவி, விரலை முகர்ந்து பார்த்தார். "என்னம்மா இது, நல்லெண்ணெயா?"

கூட்டத்திலிருந்து அம்மா பெருமையாகச் சொன்னாள்: "செக்குல ஆட்டுனது சார்."

அரங்கமே சிரித்தது. உடம்பில் எண்ணெய் தடவிக்கொண்டு தூக்கக் கூடாது என்பது விதி. என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள். நான் பயிற்சியில் தினமும் தூக்குகிற எடையைத் தூக்கிய பெண் மாநிலப் போட்டிக்குப் போனாள்.

இப்போது கடையத்தில் பி.டி. டீச்சராக இருக்கிறேன். எங்கள் வீட்டுக் கொடியில் காய்வது டிராக் பேண்ட். அந்த மாதிரிப் பவுடரில் தோலைக் குறுகுறுக்க வைக்கும் சரக்கு ஒன்று உண்டென்றும், கொஞ்ச நேரத்தில் அது தானாக அடங்கிவிடும் என்றும் பிறகுதான் படித்தேன். அந்த ஒரு வரியைச் சொல்ல மாஸ்டருக்கு வாய் வரவில்லை. அவருக்கே தெரிந்திருக்காது, அதுதான் இன்னும் கொடுமை. அந்த எடையைத் தூக்க எனக்குப் பவுடரே தேவைப்படவில்லை. மாதக்கணக்கில் முதுகொடியப் பழகி நானே சம்பாதித்த பலத்தை, ஒரு டப்பாவை நம்பிக் கோட்டைவிட்டேன்.

இன்றைக்கும் வீட்டில் யார் கையிலிருந்து டம்ளர் நழுவினாலும் தம்பி, "செக்குல ஆட்டுனது சார்" என்கிறான். எல்லோரும் சிரிக்கிறார்கள். நான் கத்துகிறேன். எரிச்சல் தானாகவே போயிருக்கும், எண்ணெயால் போகவில்லை என்று ஒவ்வொரு முறையும் விளக்குகிறேன். அம்மா கடைசிவரை பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்பாள்.

"அதெல்லாம் இருக்கட்டும். சூடு எறங்குச்சா இல்லியா, அத மட்டும் சொல்லு."

இறங்கியது. அதுதான் எனக்கு ஆத்திரம்.