கடலில் தேட வேண்டாம்

மதிப்பிற்குரிய அண்ணன் அவர்களுக்கு,

தம்பி எழுதுவது. தாங்களும் அண்ணியும் சௌக்கியம் என்றே நம்புகிறேன். நான் உயிரோடு இருக்கிறேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நேற்று மதியம் படகு அலுவலகத்திலிருந்து போன் செய்து, தங்கள் தம்பியைக் கடலில் காணவில்லை என்று சொல்லியிருக்கிறார்கள். பிறகு கிடைத்துவிட்டேன் என்றும் சொன்னார்களாம், இருந்தாலும் என் கையெழுத்தில் இருக்கட்டும். அவசரம் என்றால் யாருக்குத் தெரிவிப்பது என்று படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது. எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே எண் தங்களுடையது, எழுதிவிட்டேன். அதை வைத்து நம் பேச்சுவார்த்தை திரும்பிவிட்டதாக எண்ண வேண்டாம். தங்கள் பெண் கல்யாணத்தில் அத்தனை பேர் முன்னால், "இவனுக்குத் தனியா ஒரு பஸ் ஏறி எறங்கத் தெரியாது" என்று தாங்கள் சொன்னதை மூன்று வருடமாக நான் மறக்கவில்லை. இந்தப் பயணத்துக்குத் தனியாகப் புறப்பட்டதே அதற்காகத்தான். போனில் சொன்னால் குறுக்கே பேசுவீர்கள், அதனால் கடிதம்.

வந்து சேரும் வரை ஒரு குறையும் இல்லை. ரயில் மாறினேன், பஸ் மாறினேன், விடுதியையும் நானே கண்டுபிடித்தேன். வினை ஸ்நார்கெலிங்கில் வந்தது. குப்புற மிதந்துகொண்டு, வாயில் ஒரு குழாயைக் கவ்வி மூச்சு விட்டபடி மீன் பார்ப்பதாம். படகுக்காரர் முதல் வேலையாக என் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி டப்பாவில் போட்டுக்கொண்டார். பதிலுக்கு மாட்டிய மாஸ்க்கோ, என் மீசை வழியாகத் தண்ணீரை உள்ளே விட்டது. "மீசைய எடுத்துடுங்க சார், தண்ணி நிக்கும்" என்றார். முப்பது வருட மீசை, ஒரு மீனுக்காக எடுக்க முடியுமா? மீசையில் ஏதோ ஒரு களிம்பைத் தடவி இறக்கிவிட்டார்கள். தலையை அமுக்கினால் வாயில் உப்புத்தண்ணீர், நிமிர்ந்தால் கண்ணில் களிம்பு. "என் மஞ்சள் ரப்பர் செருப்ப மட்டும் விடாம பின்னாடியே வாங்க" என்றிருந்தார் படகுக்காரர், காலில் மாட்டும் நீச்சல் துடுப்பைத்தான் அப்படிச் சொன்னார், நானும் விடவில்லை. முக்கால் மணி நேரம் கழித்து மஞ்சள் செருப்பு படகில் ஏறியது, நானும் ஏறினேன். யாரோ துண்டு கொடுத்தார்கள், யாரோ டீ கொடுத்தார்கள், நல்ல மனிதர்கள் என்று குடித்தேன். படகு கிளம்பின பிறகு என் கண்ணாடியைக் கேட்டபோதுதான், "நீங்க யாரு சார்?" என்றார்கள். அந்த மஞ்சள் செருப்பு ஒரு பல் டாக்டர் அம்மாவுடையது. நில அளவை அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருடம் ஊருக்கெல்லாம் எல்லை வரைந்துகொடுத்தவன் நான். அலுத்துப் போய் இன்னொரு டீ வாங்கிக் குடித்தேன், வேறென்ன செய்வது?

அங்கே என் படகில் விசில் ஊதி, இரண்டு பேர் குதித்து அடியில் துழாவியிருக்கிறார்கள். அலுவலகத்து அம்மா தங்களுக்குப் போன் செய்த கதையை என்னிடம் சொன்னார். "உங்க அண்ணன் ரொம்ப நேரம் பேசவே இல்லைங்க. அப்புறம், 'அவன் கண்ணாடியக் கழட்டிட்டீங்களா'ன்னு கேட்டாரு. ஆமான்னேன். 'அப்போ கடல்ல தேடாதீங்கம்மா, பக்கத்துப் படகுல தேடுங்க. சின்ன வயசுல கடைத்தெருவுல என் சட்டைன்னு நெனச்சு யார் பின்னாடியோ போயி, அவங்க வீட்டுல சோறும் தின்னுட்டு உக்காந்திருந்தவன்'னாரு. பத்து நிமிஷத்துல உங்களப் புடிச்சிட்டோம். கெடச்சதும் சொன்னேன். சாப்பிட்டானான்னு கேட்டாரு சார்."

அந்த அலுவலகத்துப் பெஞ்சிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன். கண்ணில் தண்ணீர் வந்தது. களிம்பு என்று அந்த அம்மாவிடம் சொன்னேன். அண்ணா, நீ அவ்வளவு நேரம் பேசாமல் இருந்தாயாமே.

போதும். இனிக் கடல் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன். இந்த வாரமே ஊர் திரும்புகிறேன், தனியாகவே. ரயிலடிக்குத் தாங்கள் வர வேண்டாம், பேசவும் வேண்டாம். அண்ணிக்கு என் வணக்கம், பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் ஆசிகள்.

இப்படிக்கு,
பஸ் ஏறத் தெரிந்த தம்பி

பி.கு.: திரும்பவில்லை. பவர் கண்ணாடி வைத்த மாஸ்க் இருக்கிறதாம். அடுத்த வாரச் சனிக்கிழமைப் படகில் இரண்டு இடம் சொல்லிவிட்டேன். கிளம்பி வா. மஞ்சள் செருப்பு உனக்குத்தான். பஸ் நிலையத்தில் நிற்கிறேன், மீசையை எடுத்துவிட்டேன். அடையாளம் தெரியாமல் வேறு யாரையாவது தம்பி என்று கூட்டிக்கொண்டு போய்விடாதே.