ஏலமும் லேலமும்

அரைகுறையாகத் தெரிந்த மொழியில் வாயைத் திறப்பவர்களை ஊர் எப்படியோ பொறுத்துக்கொள்ளும். அதையே டைப் அடித்து, கார்பன் வைத்து ஊர் ஊராக அனுப்புகிறவர்களைப் பொறுத்துக்கொள்வது சிரமம். நான் இரண்டாவது ரகம்.

எழுபதுகளில் கேரளத்து மலையூரான வண்டன்மேட்டில் பத்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். தையல்கடை மாடியில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் திறந்தார்கள். இன்றைக்குப் பிள்ளைகளைக் கம்ப்யூட்டர் கிளாசுக்கு விரட்டுவதுபோல அன்றைக்கு எங்களை அங்கே விரட்டினார்கள். டைப் அடிக்கவும் ஆங்கிலத்தில் வியாபாரக் கடிதம் எழுதவும் கற்றுக்கொடுப்பார்கள். சேர்ந்த வாரமே எனக்குக் கலெக்டர் ஆபீஸ் நினைப்பு வந்துவிட்டது. சாப்பாட்டுத் தட்டில்கூட விரல்களைத் தட்டிக்கொண்டிருப்பேன்.

"சோத்த அடிக்காத, தின்னு" என்பாள் அம்மா.

அப்பா அவுசேப்பு முதலாளியின் ஏலத்தோட்டத்தில் வேலை செய்தார். முதலாளியின் டைப்பிஸ்ட் வளைகுடாவுக்குப் போய்விட, அந்த நாற்காலி காலியாக இருந்தது. மகள் கூடை தூக்காமல் அந்த நாற்காலியில் உட்கார வேண்டும் என்பது அப்பாவின் ஒரே ஆசை. முதலாளியிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேவிட்டார். முதலாளியும் நல்ல மனிதர், ஒருநாள் இன்ஸ்டிடியூட்டுக்கே வந்து என் எதிரில் உட்கார்ந்தார்.

"எடீ கொச்சே, ஒரு கத்து அடிக்கணம். கத்து நன்னாயால், பரீக்ஷ கழிஞ்ஞால் ஜோலி நினக்கு" என்றார். (கத்து என்றால் கடிதம், ஜோலி என்றால் வேலை. அதுவரைக்கும் என் மலையாளம் சரிதான்.)

இங்கே என் மலையாளப் புலமையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஊரில் வாராவாரம் காய் ஏலம் நடக்கும். மலையாளிகள் அதை 'லேலம்' என்பார்கள். ஏலம் என்று சொல்ல வராமல் நாக்குக் குழறுகிறது, பாவம் படிக்காதவர்கள் என்று நானாகவே முடிவுகட்டியிருந்தேன். ஏலக்காயை எங்கள் வீட்டில் வெறும் 'காய்' என்றுதான் சொல்வோம். அப்படியானால் ஏலத்தோட்டம் என்று ஏன் பேர் வந்தது? விளைவதெல்லாம் ஏலத்துக்குப் போகிற தோட்டம், அதனால் ஏலத்தோட்டம்! இந்த ஆராய்ச்சியை யாரிடமும் சொல்லிச் சரிபார்க்கவில்லை. சரிபார்க்க வேண்டிய விஷயமாகவே அது எனக்குப் படவில்லை.

முதலாளி சொல்லத் தொடங்கினார்.

"என்றெ வீட்டில் ஏலம் உண்டு. ஞாயறாழ்ச்ச வந்நு காணாம். நல்ல பச்ச நிறம், முழுத்த சாதனம். இஷ்டப்பெட்டால் கொண்டுபோகாம்."

அடடா, மனிதர் 'ஏலம்' என்று எவ்வளவு திருத்தமாகச் சொல்கிறார் என்று மனசுக்குள் மெச்சிக்கொண்டேன். வீட்டுச் சாமான்களை ஏலம் போடுகிறார், சரி. ஆனால் 'பச்சை நிறம், பெரிய சாமான்' என்று மொட்டையாகச் சொன்னால் கடிதம் போய்ச் சேருகிற கம்பத்து வியாபாரிகளுக்கு என்ன புரியும்? அவர் வீட்டு ஜன்னல் வழியாகப் பச்சைப் பீரோ ஒன்றைப் பார்த்திருக்கிறேன். சொந்தப் பொறுப்பில் அதைச் சேர்த்தேன். 'வருகிற ஞாயிற்றுக்கிழமை எனது இல்லத்தில் ஏலம் நடைபெறும். முழு அளவுப் பச்சைப் பீரோ நல்ல நிலையில் உள்ளது. பிடித்தவர்கள் எடுத்துச் செல்லலாம்' என்று ஆங்கிலத்தில் அழகாக அமைந்தது. டைப்ரைட்டிங் சார் எழுத்துப்பிழை மட்டும் பார்த்தார். ஒன்றுகூட இல்லை. ஆங்கிலம் தெரியாத முதலாளி மலையாளத்தில் கையெழுத்துப் போட்டு, போடிக்கும் கம்பத்துக்கும் நகல்களை அனுப்பிவைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை மூட்டை தூக்கிக் காட்ட அப்பாவை வரச் சொல்லியிருந்தார் முதலாளி. வருங்கால டைப்பிஸ்டாகிய நானும் பாவாடை தாவணியில் கூடவே போனேன். கம்பம்மெட்டு மலைப்பாதை வழியாக வியாபாரிகளின் ஜீப்புகள் வந்து சேர்ந்தன. பின்னாலேயே, பாரம் ஏற்ற ஒரு லாரி. வழியெல்லாம் 'அவுசேப்பு வீடு ஏலத்துக்கு வந்திருச்சு' என்று சொல்லிக்கொண்டே வந்திருக்கிறார்கள். முதலாளியின் சொந்தக்காரர்கள் சிலர் துக்க வீட்டுக்கு வருகிற முகத்தோடு நுழைந்தார்கள். அவர் மனைவி அடுக்களையிலிருந்து வந்து பார்த்தால், முன்பின் தெரியாத ஓர் ஆள் அவருடைய பட்டுச்சேலைகளை ஒதுக்கிவிட்டுப் பீரோவுக்குள் தலையை விட்டுக்கொண்டிருக்கிறார்.

"கீலு லேசா ஆடுது முதலாளி. பாத்துக் கொறச்சுப் போட்டுக் குடுங்க" என்றார் அந்தக் கம்பத்துக்காரர்.

"ஐயோ, நம்முடெ வீடு போயோ!" என்று அந்த அம்மாள் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

கடிதத்தை வாங்கி யாரோ படித்துச் சொன்னார்கள். முதலாளியின் முகம் பழுத்த மிளகாயாகிவிட்டது.

"எடீ, ஞான் பறஞ்ஞது ஏலக்கா! நீ எழுதியது லேலம்!"

வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கலாம். உண்மையைச் சொன்னால் தப்பலாம் என்று தோன்றியது.

"லேலம்னு படிக்காதவங்கதான் சொல்வாங்கன்னு நெனச்சேன் முதலாளி."

அந்த நாற்காலி அந்த நிமிடமே போய்விட்டது.

திரும்பும் வழியில் அப்பா விறுவிறுவென்று முன்னால் நடந்தார். அவருடைய ஒரே ஆசையை நானே டைப் அடித்து அனுப்பிவைத்துவிட்டேன். தோட்டத்து லயத்தில் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்ததும் நின்றார். அடிக்கப்போகிறார் என்றே நினைத்தேன்.

"ஏத்தா, அந்தப் பீரோவக் கடைசியா என்ன வெலைக்குத்தான் கேட்டான்?"

கேட்டுவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு தாங்காமல் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் அழுதேன், பிறகு நானும் சிரித்தேன். அடுத்த மாதம் சிரிப்பெல்லாம் அடங்கி, பரீட்சை எழுதிய கையோடு கூடை தூக்கினேன். அந்தக் கூடையை இறக்கிவைக்க எனக்கு மூன்று வருடமும் ஒழுங்கான மலையாளமும் தேவைப்பட்டன. பிறகு ஒரு வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்டாகி, ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தேன்.

இன்றும் பாயசத்துக்கு நான் ஏலக்காய் தட்டும் சத்தம் கேட்டால் போதும். கூடத்திலிருந்து மகன் "ஒரு தரம்" என்பான், மருமகள் "ரெண்டு தரம்" என்பாள். மூன்றாவது தரத்தை வேறு யாரையும் சொல்ல விடுவதில்லை, அதை நானே சொல்லிக்கொள்கிறேன்.